அவரைக்கொடியைத் தின்ற குட்டி

தம்பிக்கு மென்று தின்னக் கற்றுக்கொடுக்க ஓர் ஆட்டுக்குட்டியை நான் வாத்தியாராக நியமித்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. யாரையும் எந்த வேலைக்கும் நியமிக்கலாம் என்று நம்பிய வயது.

தம்பிக்கு இரண்டரை. பால் புட்டியை நன்றாக உறிஞ்சுவான். இட்லித் துணுக்கை வாயில் வைத்தாலும் உறிஞ்சத்தான் பார்ப்பான். நாக்கு அதை வெளியே தள்ளிவிடும். தருமபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு மாரண்டஹள்ளிக்குத் திரும்பிய அன்று, அவர் சொன்னதை அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"உறிஞ்சறதுக்கு மூளையில ஒரு வழியாம், மெல்லறதுக்கு வேற வழியாம். இவனுக்கு ரெண்டாவது இன்னும் ஆகலியாம். ஆகலாம், ஆகாமயும் போலாம்னாரு." பிறகு அவரே, "களி திங்கற வூட்டுல மெல்லத் தெரியாட்டி என்ன? நாமளும் முழுங்கத்தான செய்யறோம்" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "எத்தன நாளைக்குங்க கரைச்சே ஊத்தறது?" என்றாள்.

எனக்குத் தெரிந்த வழி, சோளக்காட்டின் குறுக்கே ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைதான். தம்பிக்கும் யாராவது நடந்து காட்டினால் போதும் என்று தோன்றியது. அந்த வாரம் எங்கள் ஆடு குட்டி போட்டிருந்தது. அதுவும் உறிஞ்ச மட்டுமே தெரிந்த ஆள். இருவரையும் எதிரே வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி வேர்க்கடலையை மென்று காட்டினேன். தம்பி என் தாடையைப் பார்த்துச் சிரித்தான். கடலை முழுவதும் என் வயிற்றுக்குப் போனது.

சில நாளில் குட்டி வைக்கோலை வாயில் வைத்துப் பார்த்தது. மூன்றாவது வாரம், அம்மா விதை போட்டு வளர்த்த அவரைக்கொடியில் தளிரைப் பிய்த்து, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி நன்றாகவே மென்றது. தம்பியை இடுப்பில் வைத்திருந்த அம்மாவை இழுத்துவந்தேன்.

"குட்டிக்கு வழி ஆயிடுச்சும்மா. இனிமே தம்பியும் பாத்துக் கத்துக்குவான்."

அம்மா குட்டியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பொறந்து இருவது நாளுதான ஆச்சு இதுக்கு" என்றாள். தம்பியின் மோவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்த முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

நான் பதறிப்போய்க் குட்டியை விரட்டினேன். "அழாதம்மா, கொடி மறுபடியும் துளிர்க்கும்" என்று தேற்றினேன்.

கொடி துளிர்க்கத்தான் செய்தது. தம்பிக்கு அம்மா கடைசிவரை கரைத்துத்தான் ஊட்டினாள். அன்று அவள் அவரைக்கொடிக்காக அழவில்லை என்பது, என் மகள் முதன்முதலாக ஒரு ரொட்டித் துண்டைக் கடித்து மென்ற நாளில்தான் எனக்குப் புரிந்தது.