அரைக்கம்பத்தில் இராட்டைக் கொடி

முன்னாள் பிரதமர் ஒருவர் காலமாகிவிட்டார், நாடு முழுவதும் ஒரு வாரம் துக்கம் என்று டிவியில் சொன்னதுமே அத்தா எனக்குப் போன் செய்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு குழறும். மற்றவர்களுக்குப் பாதிதான் விளங்கும், மகள் எனக்கு முழுதும் விளங்கும். "பெரிய மனுஷன் மௌத்தாயிட்டாரு. கொடி ஏத்தணும், வாம்மா" என்றார்.

வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துச் சிம்மக்கல் போனேன். கீழே கயிறும் சாக்கும் விற்கும் எங்கள் மொத்தக் கடை, மேலே வீடு. கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். பீரோவிலிருந்து கொடியை எடுத்துக்கொண்டு அத்தாவும் நானும் மொட்டை மாடிக்கு ஏறினோம். முரட்டுக் கதர். காவி, வெள்ளை, பச்சை எல்லாம் உண்டு, ஆனால் நடுவில் சக்கரம் இருக்காது, இராட்டை இருக்கும். சுதந்திரத்துக்கு முன்னால் கொடி அப்படித்தான். ஊர்வலங்களில் அத்தாவுடைய தகப்பனார் பிடித்துப் போனது. தேசப்பிதா சுடப்பட்டபோது அவர் அதை இதே மாடியில் அரைக்கம்பத்தில் பறக்கவிட்டாராம். அதற்குப் பிறகு, நாடு துக்கம் காக்கும் நாட்களில் மட்டும் அது பீரோவை விட்டு வெளியே வரும். அத்தாவுக்கு வலது கை விளங்காததால் முடிச்சை நான் போட்டேன். பாதிக் கம்பத்தில் கொடி நின்றதும் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, ஒடனே வா. நம்ம கொடிய வீடியோ எடுத்துப் போட்டுருக்காய்ங்க. சக்கரத்த எடுத்துட்டு வேற என்னமோ வரஞ்சிருக்கோமாம், வேணும்னே பாதியில எறக்கி வச்சிருக்கோமாம். கடை வாசல்ல அம்புட்டுக் கூட்டம்."

ஆட்டோவில் போகும்போதே அந்த வீடியோ என் போனுக்கும் வந்துவிட்டது. அனுப்பியது எங்கள் தெருக்காரப் பெண்தான். அது என் அத்தா வீடு என்று அவளுக்குத் தெரியாது. வழியில் அரசு அலுவலகக் கொடிகளும் பாதியில்தான் பறந்துகொண்டிருந்தன.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எதிர்க்கடை வெங்காய மண்டிக்காரர் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், அத்தாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். அன்று தராசுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றார். நான் அவரையே பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

மேலே இளவயது சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் அத்தாவிடம் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரியுதுங்கய்யா. கீழ நிக்கிறவங்களுக்குப் புரியணுமே. இப்பக் கழட்டிருங்க, பெறகு பேசிக்கலாம்."

"துக்கம் இன்னும் முடியலையே" என்றார் அத்தா. அதை நான்தான் சப்-இன்ஸ்பெக்டருக்கு எடுத்துச் சொன்னேன்.

தம்பி அத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டான். "கடையக் கொளுத்திருவாய்ங்கத்தா. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு இந்தப் பக்கந்தான் வரணும்."

"நான் போயிச் சொல்றேன். சொன்னாக் கேப்பாங்க. நம்ம ஊருக்காரங்கதான?"

தடுக்கத் தடுக்க அத்தா இறங்கிப் போனார். கடைசிப் படியில் நின்று பேசினார். வாய் ஒரு பக்கம் இழுத்தது, எச்சில் வழிந்தது. 'எங்கத்தா இந்தக் கொடியப் பிடிச்சு அடி வாங்குனவரு' என்பதுதான் அவர் சொன்னது. முன்னால் நின்ற ஒருவன் போனை உயர்த்திப் பிடித்தபடி, அவரைப் போலவே குழறிக் காட்டினான். சிரித்தார்கள்.

"அவரு என்ன சொல்றாருன்னா…" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தா நிறுத்தவில்லை. தெரிந்த முகம் ஒன்றைத் தேடித் தேடிப் பேசிக்கொண்டே இருந்தார். யா அல்லா, அவர் வாயை மூடிவிடு என்று கேட்டேன். பெற்ற தகப்பனுக்கு அப்படி ஒரு துஆ.

பிறகு நான் மாடிக்கு ஓடினேன். நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். பழைய துணி தாங்கவில்லை, இராட்டையை ஒட்டி நீளமாகக் கிழிந்துவிட்டது. பின்னாலேயே வந்த சப்-இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டார். "விசாரணை முடிஞ்சதும் தந்துருவோம்மா" என்றார். கம்பம் வெறுமையானதைப் பார்த்துக் கீழே கைதட்டினார்கள்.

சாயங்காலம் மண்டிக்காரர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஒரு வார்த்தை பேசியிருக்கணும் மாமா. பயந்துட்டேன்."

அத்தா இடது கையால் அவர் கையைப் பிடித்தார். "நீ பேசிருந்தா ஒன் கடைக்கும் வந்துருப்பாய்ங்க மாப்ள. போயி மண்டியப் பாரு." அதையும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

வழக்கு எதுவும் போடவில்லை. கொடியும் வரவில்லை. ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். அந்த சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். கடைசியாக ஓர் ஏட்டம்மா அலமாரியெல்லாம் தேடிவிட்டு வந்தார். "கிழிஞ்ச கொடிய வச்சிருக்கக் கூடாதும்மா. முறைப்படி எரிச்சிருப்பாங்க."

"எரிச்சாங்களா?"

"அது தெரியலையேம்மா."

தம்பி இப்போது கடை வாசலில் பெரிய புதுக்கொடி ஒன்றைக் கட்டியிருக்கிறான். கொஞ்சம் வெளுத்தாலும் பதறிப்போய் வேறு வாங்கிவிடுகிறான். அத்தாவிடம் ஏட்டம்மா சொன்னதை நான் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறேன்.

"மெதுவாத் தேடட்டும்" என்கிறார். "இனி யாராச்சும் பெரிய மனுஷன் மௌத்தானாத்தான நமக்கு வேணும்."