அல்சீட் ரோபிஷோவும் யாருடையதும் அல்லாத பூனையும்

ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறைகளோடு கூடத்துக் கம்பளத்தின் நட்டநடுவில் போய் நிற்கிறார் அல்சீட் ரோபிஷோ. உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். காப்பி கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். இந்த வருடம் இறால் எப்படி, அடுத்த புயல் நம் பக்கம் திரும்புமா, தேவாலயத்துக் கூரைக்கு யார் பணம் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊர்க்கதை பேசுவார். வீட்டுக்காரர்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாலும் கண் மட்டும் அவருடைய கணுக்காலை விட்டு நகராது. காப்பி தீர்ந்ததும் அவரும் குனிந்து பார்ப்பார். வெள்ளைத் துணியில் யாரோ எள்ளைத் தூவிவிட்டது போலிருக்கும். அந்த எள் துள்ளும்.

"ம். விருந்தாளிங்க வந்து ரொம்ப நாளாச்சு போலிருக்கே" என்பார், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபடி.

லூசியானாவின் தென்கோடியில், ஹூமா நகரையும் தாண்டி, தரை எது தண்ணீர் எது என்று தீர்மானமாகச் சொல்ல முடியாத எங்கள் ஊரில் தெள்ளுப்பூச்சிக்கு வருடம் முழுக்க வசந்தம்தான். ஆனால் யாருடைய நாய்க்கும் தெள்ளு கிடையாது. அடுத்த வீட்டு நாய்க்கு உண்டு. அல்சீட்டுக்குத் தொலைபேசியில் வரும் அழைப்புகள் எல்லாமே கிசுகிசுப்பில்தான் வரும். "ஒண்ணுமில்ல மிஸ்டர் அல்சீட், சும்மா ஒரு குளியல். வரும்போது வண்டிய தெருமுனையில நிறுத்திடுறீங்களா?" பாதிரியாரிடம் சொல்லக் கூசாத பாவங்களையெல்லாம் அங்கே சத்தமாகச் சொல்லிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் அவரிடம் மெல்லச் சொல்கிறது ஊர்.

அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. கதவளவு அகலமான முதுகு. கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் சமையல்காரராக இருந்துவிட்டுக் கரையேறியவர். பழைய ரொட்டி வண்டி ஒன்றை வாங்கி, அதற்குள் ஒரு தொட்டியும் தண்ணீர்ப் பீப்பாயும் வைத்து, வீடு வீடாகப் போய் நாய் குளிப்பாட்டுகிறார். அண்டாவைக் கிளறிய அதே கையால் நாயைத் தேய்க்கிறார். முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பார். கழுத்தைச் சுற்றி முதலில் நுரை போட்டுவிட வேண்டும் என்பது அவர் சட்டம். இல்லாவிட்டால் கீழேயிருந்து துரத்தப்பட்ட தெள்ளுகள் எல்லாம் காதுக்குள் குடியேறிவிடுமாம். நெருக்கமான பல் வைத்த சீப்பால் வாரி, வந்த கருந்தூளை ஈரக் காகிதத்தில் தட்டி வீட்டுக்காரரிடம் நீட்டுவார். தூள் சிவப்பாகக் கரைந்தால் அது மண்ணல்ல, நாயின் ரத்தம் தெள்ளின் வயிறு வழியாகப் போய் வந்தது. "இது தோட்டத்து மண்ணுதானே?" என்று அப்போதும் கேட்பவர்கள் உண்டு. "உங்க தோட்டத்துல ரத்தமா பாயுது?" என்பார்.

குளியல் முடிந்த பின்தான் பிரசங்கம். "நாய் மேல நீங்க பாக்குறது கொசுறு. மொத்தக் கூட்டமும் உங்க சோபாவுல இருக்கு. முட்டை உதிர்ந்து துணியிடுக்குல விழுது, அங்கயே புழுவாகி, கூட்டைக் கட்டிகிட்டுத் தூங்குது. நீங்க போய் உட்கார்ந்தா, ஆகா ஆள் வந்தாச்சுன்னு எழுந்திருக்கும்." ஆகவே தினமும் தூசி உறிஞ்சியந்திரத்தால் கம்பளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். படுக்கைத் துணியைச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். மாதாமாதம் மருந்து போட வேண்டும், குளிர்காலத்திலும். பூண்டு கொடுத்தால் போதாதா என்று கேட்ட ஒரு பெண்மணியிடம், "பூண்டு நாய்க்கு ஆகாதும்மா. தெள்ளுக்குத்தான் அதோட சோறு மணக்கும்" என்றார். டீசல் தடவலாமே என்ற கிழவரிடம், "தடவுங்க. அப்புறம் பக்கத்துல நின்னு சுருட்டுப் பத்தவைங்க. தெள்ளு, நாய், நீங்க, மூணு பிரச்சினையும் தீர்ந்துடும்" என்றார்.

இரண்டு விஷயங்களில் மட்டும் அவர் விளையாடுவதில்லை. ஒன்று, நாய்க்கான சொட்டுமருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் சிலது நாய்க்குத் தேன், பூனைக்கு நஞ்சு. வலிப்பு வந்து உயிரே போய்விடும். மற்றொன்று, வீட்டில் எத்தனை பிராணி உண்டோ அத்தனைக்கும் ஒரே நாளில் மருந்து. "ஒண்ணை விட்டீங்கன்னா ஒண்ணுமே பண்ணலைன்னு அர்த்தம். குறிப்பா பூனை. அது மேல ஒரு தெள்ளும் தெரியாது, ஏன்னா நக்கி நக்கி முழுங்கிடும். பாத்தா துறவி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதுதான் ஆளு."

இந்த வரியை அவர் சொல்லக் கேட்டவர்கள், அவர் வீட்டு வாசலில் துறவி போல் உட்கார்ந்திருக்கும் ஆரஞ்சு நிறப் பூனையைப் பார்த்தால் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்வார்கள். ஒரு காது கிழிந்த பூனை. புயல் ஒன்றுக்குப் பிறகு எங்கிருந்தோ வந்தது. "அது யாரோடது?" என்று கேட்டால், "யாரோடதும் இல்ல. அது பாட்டுக்கு வரும், போகும்" என்பார். அது போய் யாரும் பார்த்ததில்லை. அதற்கென்று கோழியீரல் வாங்குவதில்லை. தனக்கு வாங்குவது மிஞ்சிவிடுகிறதாம். அவர் ஈரல் சாப்பிடமாட்டார். குளிர் அடித்த இரவுகளில் பின்கதவைத் திறந்து வைப்பது காற்றோட்டத்துக்காக. எண்ணெய் மேடையில் மாதத்தில் பாதி நாட்களைக் கழித்த காலத்தில் அவருக்கு ஒரு மனைவியும் ஒரு நாயும் இருந்தார்கள். ஒருமுறை கரைக்கு வந்தபோது இருவருமே இல்லை. "அன்னியோட சரி. என்னை நம்பி ஒரு பூந்தொட்டி கூட வேண்டாம்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

பூந்தொட்டி வேண்டாம் என்றவர்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைவாரிக்கொண்டு வெல்மா கிட்ரியின் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார். வெல்மா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், விதவை. அவர் சமைக்கும் கம்போ என்ற இறால் குழம்புக்கு முன்னாள் சமையல்காரர் குறை சொல்வதும், "அப்ப அடுத்த வாரம் வராதே" என்று வெல்மா சொல்வதும், அடுத்த வாரம் அவர் சீக்கிரமே வந்து நிற்பதும் ஊருக்குப் பழகிவிட்ட காட்சி. அல்சீட்டுக்கு இடுப்பு வலி. எங்கே போனாலும் தன் மெத்தைத் திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போவார். வெல்மாவின் சோபாவில் அதைப் போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

வெல்மாவின் வீட்டில் ஹெக்டர் இருந்தது. கணவர் அணில் வேட்டைக்கு வளர்த்த கறுப்பு நாய். இப்போது அணில் வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் எழுந்திருக்காத கிழம். அந்தக் கோடையில் ஹெக்டருக்குத் தெள்ளு வந்தது. அல்சீட் குளிப்பாட்டினார், மருந்து போட்டார், சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து உறிஞ்சியந்திரம் பிடித்தார். கொஞ்ச நாள் அமைதி. பிறகு மறுபடியும் சோபாவில் துள்ளல். இன்னொரு முறை எல்லாவற்றையும் செய்தார். மறுபடியும் துள்ளல். ஹெக்டர் வாலடியைக் கடித்துக் கடித்துத் தோலையே கிழித்துக்கொண்டது. வெல்மாவின் கால்களில் சிவப்புத் தடிப்புகள். பேட்டன் ரூஜ் நகரில் இருக்கும் மகன் வேட், "போதும்மா. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியோட வர்றேன். நாயை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டான். அவன் இருப்பது மாடிக் குடியிருப்பு. பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும்.

"உன் நாய் விசேஷப்பட்டது வெல்மா. என் தொழில்ல இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல" என்றார் அல்சீட், திண்டில் சாய்ந்தபடி.

அவர் போன பிறகு சோபாவைத் தட்டிய வெல்மாவின் கையில் சில முடிகள் ஒட்டிக்கொண்டன. ஹெக்டர் கறுப்பு. வெல்மாவின் தலை வெள்ளை. முடி ஆரஞ்சு.

செவ்வாய்க்கிழமை காலை வெல்மா ஒரு பாத்திரம் கம்போவோடு அல்சீட்டின் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். காலில், காலஞ்சென்ற கணவரின் வெள்ளைக் காலுறைகள், முழங்கால் வரை. நேராகக் கூடத்துக் கம்பளத்தின் நடுவில் போய் நின்றார்.

"வா வா, உட்காரு."

"இல்ல, நிக்கிறேன். காப்பி இருந்தா குடு."

காப்பி வந்தது. வெல்மா ஆற அமரக் குடித்தார். "இந்த வருஷம் இறால் எப்படி?" என்று கேட்டார்.

"பரவால்ல, போன வருஷத்துக்கு..." என்று ஆரம்பித்த அல்சீட், பாதியில் நிறுத்தி வெல்மாவின் கணுக்காலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடங்களாக மற்றவர்கள் சொல்லக் கேட்டுச் சிரித்த அதே வாக்கியத்தைத் தன் வாயாலேயே சொன்னார்: "அது பக்கத்து வீட்டு நாயால இருக்கும்."

"பக்கத்து வீடு கூரை போய்க் காலியா கிடக்கு, அல்சீட்."

"தோட்டத்து மண்ணா இருக்கும்."

"துள்ளுதே."

நாற்காலியின் மேல் இருந்த அதே மெத்தைத் திண்டில் ஆரஞ்சுப் பூனை சுருண்டு படுத்திருந்தது. அது ஒரு கண்ணைத் திறந்து, விஷயம் தன்னைப் பற்றியதல்ல என்று முடிவு செய்து மறுபடி மூடிக்கொண்டது.

"அது என் பூனை இல்லையே" என்றார் அல்சீட்.

"அத அந்தத் தெள்ளுங்ககிட்ட சொன்னியா? பாவம், அதுங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்." வெல்மா சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணிட்டு, வாரா வாரம் திண்டுல கட்டி எனக்குச் சீர் கொண்டாந்திருக்க. என் நாய் தோல் உரிஞ்சு கிடக்கு. இப்ப மூணு வழிதான். ஒண்ணு, ஹெக்டர் வேட் கூடப் போகணும். இல்ல, நீ என் வீட்டுப் பக்கம் வர்றதை நிறுத்தணும். இல்லேன்னா, இந்தப் பூனை உன்னுதுன்னு ஒத்துகிட்டு அதுக்கு ஆக வேண்டியதைப் பண்ணணும். சனிக்கிழமைக்குள்ள சொல்லு."

"ஊருக்குத் தெரிஞ்சா என் பொழைப்பு..."

"யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா போதும்." பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, காலுறைகளை வாசலிலேயே உருவி ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு வெல்மா போய்விட்டார்.

வண்டியில் அல்சீட் வைத்திருந்த மருந்தெல்லாம் நாய்க்கானது. பூனையை எடை பார்த்து மருந்து வாங்கக் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். அவர் யோசித்து முடிக்கச் சனிக்கிழமை வந்துவிட்டது. வேட்டை நாய்களைத் தொட்டிக்குள் ஒற்றைக் கையால் தூக்கி வைப்பவருக்கு, இந்தப் பூனையை ஓர் அட்டைப்பெட்டிக்குள் போடக் காலையில் பாதி போயிற்று. ஒரு சட்டை கிழிந்தது. கடைசியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கப் போனார். திரும்பி வந்தால் பூனை தானாகவே பெட்டிக்குள் ஏறிப் படுத்திருந்தது.

உள்ளூர் மருத்துவமனை இருக்கும் திசையில் வண்டி போகவில்லை. அடுத்த ஊரை நோக்கிப் போயிற்று. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. தூக்குப்பாலத்துக்கு முன்னால் விளக்கு சிவப்பானது. இறால் படகு ஒன்றுக்காகப் பாலம் மெல்ல மெல்ல மேலே போயிற்று. பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது, நிற்கவில்லை. பாலம் இறங்கி, பின்னால் நின்றவர்கள் ஒலியெழுப்பத் தொடங்கிய பிறகும் வண்டி முன்னே போகவில்லை. திரும்பியது. தாமதமாகிவிட்டதால் திரும்பினாரா, குரல் பொறுக்காமல் திரும்பினாரா என்று கேட்டால் இன்றும் பாலத்தைத்தான் திட்டுவார்.

உள்ளூர் மருத்துவமனையில் சனிக்கிழமை என்றால் கோயில் திருவிழாக் கூட்டம். சுவரோரம் நாற்காலிகளில் அவருடைய வாடிக்கையாளர்கள் முழுப்பேரும் நாய்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நாய்கள் அவரைக் கண்டதும் குளியல் என்று பயந்து நாற்காலிக்கடியில் நுழைந்தன. அல்சீட் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளிப் போய், சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் நாயின் படத்தை உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கினார்.

வரவேற்பில் இருந்த பெண் ட்ரினா பெட்டியைத் திறந்து பார்த்தாள். "அய்யய்யோ, தெள்ளு கொட்டுது மிஸ்டர் அல்சீட்! யாரு வீட்டுல பிடிச்சீங்க?"

"அது... தெருவுல... அது பாட்டுக்கு..."

"தெருப்பூனையா? அப்ப நாங்க மருந்து குடுக்க முடியாதே. பிராணிகள் காப்பகத்து வண்டி இப்ப வரும், அதுல ஏத்தி விட்டுடறேன். நீங்க எதுக்கு அலையறீங்க." ட்ரினா நல்ல பெண். அவருடைய சிரமத்தைக் குறைப்பதாகவே நினைத்தாள். ஆனாலும் முறைப்படி கேட்டுவிட வேண்டும் என்று, பெட்டியை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "இந்த ஆரஞ்சுப் பூனை இங்க யாரோடதாவதா?"

நாற்காலிகளில் தலைகள் திரும்பின. அல்சீட் அந்த நாய்ப் படத்தைப் பார்த்தபடியே, திரும்பிப் பார்க்காமல், கீறல்கள் விழுந்த தன் பெரிய வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.