யோசப்பின் நிறுத்தாத கொம்பியூட்டர்

குருநகரில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் யோசப்பின் என்பவள் கொம்பியூட்டரை ஒருநாளும் நிறுத்தமாட்டாள். கரண்ட் அடிக்கடி போய்வந்த காலத்தில் அவளுடைய பழைய பெட்டி ஒருமுறை படுத்தது; பிறகு எழும்பவேயில்லை. அன்றிலிருந்து, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யு.பி.எஸ் ஒன்று காவல். இரவு கடை பூட்டும்போது திரையை மட்டும் அணைத்துவிட்டு வருவாள். அவளைப் பொறுத்தவரை நிறுத்துவது என்றால் அதுதான்.

இப்போதைய பெட்டியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் பாரிசில் இருக்கும் அண்ணன் மகன் பிரகாஸ். பழைய படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றவென்று ஸ்கானர் ஒன்றும் வாங்கி, ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் யோசப்பின் சொல்லியும் விட்டாள்.

முதல் ஆளாக வந்தவர் செபநாயகம். கடலுக்குப் போவதை விட்டுச் சில வருடங்கள். ஐம்பதாவது கலியாண நாளுக்கு பானர் அடிக்க வேண்டும். படத்தைப் பின்னேரத்துக்குள் பானர்க்காரனுக்கு அனுப்ப வேண்டும். இடம்பெயர்வுகளில் தப்பிய ஒரே கலியாணப் படத்தைத் தலையணை உறைக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தார். கையைவிட்டுக் கொடுக்க மனமில்லை.

யோசப்பின் வயரைச் செருகினாள். ஸ்கானரில் பச்சை வெளிச்சம் எரிந்தது. கொம்பியூட்டரோ அப்படி ஒன்றும் இல்லை என்றது.

பிரகாசுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தாள். அவன் சொன்னபடி திரையில் வந்த கறுப்புக் கட்டத்துக்குள் கட்டளையை எழுதி, கடவுச்சொல் கொடுத்து நிர்வாகியாகக் கேட்டபோது ஸ்கானர் தெரிந்தது. அவளாகக் கேட்டால் தெரியவில்லை. அனுமதி இல்லையாம்.

"என்ரை கடை, என்ரை மேசை. எனக்கே அனுமதி இல்லையோ?"

செபநாயகம் சிரித்தார். "சண்டைக்காலத்திலை பாஸ் எடுத்துத்தான் கடலுக்குப் போனனாங்கள். உனக்கு மேசைக்கே பாஸ் வேணுமாம், பிள்ளை."

அந்தப் பாஸையும் பிரகாஸ் எழுதுவித்தான். கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டால்தான் அது செல்லும் என்றான். யோசப்பின் திரையை அணைத்தாள், அருள்நிறைந்த மரியே செபத்தில் பாதி சொன்னாள், போட்டாள். இல்லை. இன்னொரு தரம். இல்லை.

"வடிவா நிப்பாட்டினீங்களோ, மாமி?"

"ஓம். ரெண்டு தரம் நிப்பாட்டினனான்."

அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. செபநாயகமும் படத்தைத் திரும்ப உறைக்குள் செருகத் தொடங்கினார். பஸ் நிலையத்தடிக் கடைக்குப் போய்ப் பார்க்கிறாராம். முதல் ஆளே அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? யோசப்பின் அவருக்கு ஒரு சோடா கொடுத்து இருத்தினாள்.

சோடா முடியுமுன் கரண்ட் போனது. யு.பி.எஸ் கீக், கீக் என்று கத்தியது. கத்திக் கத்தி ஓய்ந்தது. பெட்டியும் முழுதாக அடங்கியது. யோசப்பின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கரண்ட் வந்ததும் சிலுவை போட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினாள். எழும்பிவிட்டது. வந்த உயிரே போதும் என்றிருந்தவள், சும்மா ஒருக்கால் ஸ்கானரையும் கேட்டுப் பார்த்தாள். பெயரோடு வந்து நின்றது.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கண்ணாடியில் கவிழ்த்தாள். வெளிச்சம் ஊர்ந்து போனது. திரையில் குனிந்த தலையோடு மணமகள். பக்கத்தில் தலை நிறைய மயிரோடு ஒரு பொடியன்.

"உவன் ஆர்?" என்றார் செபநாயகம், தன் மொட்டையைத் தடவிக்கொண்டு.

படம் பானர்க்காரனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பிரகாஸ் எடுத்தான். கரண்ட் போய் வந்தது, தன்பாட்டில் சரியாகிவிட்டது என்றாள்.

"மாமி, நீங்கள் எப்பிடி நிப்பாட்டுறனீங்கள்?"

கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்லி, யோசப்பின் போனை வைத்தாள்.