மாடியறைப் பூட்டுக்கு இன்னொரு சாவி

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் ஒரு பச்சைக் குடை தெரியும். அதன் கீழே சாவிகள் தோரணமாகத் தொங்க, அரத்தால் எதையாவது ராவிக்கொண்டிருப்பவர்தான் மசூது. குத்துக்கல்வலசைக்காரர். சவூதியில், தமாமில் ஒரு பூட்டுக் கடையில் வேலை பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பியவர்.

"ஊர்ல உள்ள பூட்டையெல்லாம் திறக்குதிய. நம்ம வீட்டு பீரோ மட்டும் எட்டி மிதிச்சாத்தான் திறக்குது" என்று மனைவி சாஜிதா சொல்லாத நாளில்லை. மசூது சிரித்துக்கொள்வார். ஆனால் தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யார் வீட்டுப் பூட்டு, எதற்குச் சாவி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அரத்தைக் கையில் எடுக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரையும் ஒருத்தி ஏமாற்றிவிட்டாள்!

சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆட்டோவில் வந்து இறங்கினாள் சங்கரம்மாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கனத்த தாலிக்கொடி. கண்ணில் மட்டும் உறக்கமில்லை.

"பாய், குத்தாலத்துல எங்க வீடு. மாடி ரூம்புல அந்தக் காலத்துப் பூட்டு. சாவி தொலைஞ்சு போச்சு. சீசனுக்கு வர்ற ஆட்களுக்கு வாடகைக்கு விடணும்."

"வீட்டுல அண்ணாச்சி இல்லையாக்கா?"

"வாசுதேவநல்லூர் போயிருக்காவ. சாயங்காலம் வந்துருவாவ. அதுக்குள்ள முடிச்சிரணும்."

வீடு அவளுடையது, கூடவே அவள் நிற்கப்போகிறாள். மசூதுக்குச் சந்தேகம் வரவில்லை.

தேக்குக் கதவு. அதற்குள்ளேயே பதித்த இரும்புப் பூட்டு. உள்ளேயும் வெளியேயும் சாவி போடலாம். பார்த்ததுமே மசூதுவின் முகம் மலர்ந்துவிட்டது. தட்டையான தகட்டுச் சாவிகளையே ராவிச் சலித்த கைக்கு இது கல்யாண விருந்து.

பையிலிருந்து பல் வெட்டாத நீளச் சாவி ஒன்றை எடுத்தார். மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, அதன் புகையில் சாவியைக் காட்டிக் கருக்கினார். கரி படிந்த சாவியைத் துவாரத்தில் நுழைத்து லேசாகத் திருப்பி எடுத்தால், உள்ளே எந்த இடம் தடுக்கிறதோ அந்த இடத்தில் கரி அழிந்திருக்கும். அங்கே ராவ வேண்டும். மறுபடி கருக்க வேண்டும், மறுபடி நுழைக்க வேண்டும்.

"பூட்டே நமக்கு வழி சொல்லுது பாத்தீயளாக்கா? பொறுமையா கேட்டா எல்லாத்தையும் சொல்லிப்போடும். எங்க வீட்டுக்காரிய விட நல்ல குணம்."

சங்கரம்மாள் சிரிக்கவில்லை. அவள் பார்வை வாசலிலேயே இருந்தது.

மசூது மறுபடி கருக்கினார், நுழைத்தார். நீளச் சாவியின் நுனி கதவைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பினார், எடுத்தார், கண்ணுக்கு நேரே பிடித்தார்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாவியின் நுனியில், கரிக்கு நடுவே, ஒரு விரல் ரேகை!

அவர் பிடித்திருந்ததோ மறுமுனையை. அப்படியானால்...

"யாக்கா!" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "உள்ள ஆளு இருக்கு!"

சாவி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. சங்கரம்மாள் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அணையை உடைத்துக்கொண்டு வந்தது.

"எம் மவ பாய். ஸ்வாதி. நாந்தான் சத்தம் காட்டாதன்னு சொல்லி வச்சேன். தெரிஞ்சா நீங்க வர மாட்டீயன்னு..."

பெற்ற தகப்பனே பூட்டி வைத்திருக்கிறான்! ஸ்வாதிக்குப் போலீஸ் வேலை கிடைத்திருந்தது. விடிந்தால் பயிற்சிக்குப் போய் நிற்க வேண்டும். தகப்பன் தளவாயோ தன் அக்காள் மகனுக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க நாள் குறிக்கப் போயிருக்கிறான், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு. ஆறு மணி ரயிலை விட்டால் வேலை போச்சு.

மசூது கருவிகளை அள்ளிப் பையில் திணித்தார். அடுத்த வீட்டுக் குமர்ப்பெண்ணை, அதுவும் தகப்பன் பூட்டிய அறையிலிருந்து, ஒரு பாய் வந்து திறந்துவிட்டான் என்று நாளைக்கு ஊர் சொன்னால்? குடைக்குக் கீழே எவன் வருவான்? அவருக்கும் வயதுக்கு வந்த மகள் சஃப்ரின் இருக்கிறாளே!

"என்னை விட்ருங்கக்கா. இது என் தலைக்கு மேல உள்ள சங்கதி."

அப்போது துவாரத்துக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மாமா, நான் யார் கூடயும் ஓடிப் போகல. வேலைக்குத்தான் போகுதேன்."

படியில் வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பிள்ளை வேலைக்குப் போவதற்கு இப்படிக் கெஞ்ச வேண்டுமா? அல்லாவே! மசூது திரும்பி வந்தார். அரம் மட்டுமே பேசியது. கடைசியில் 'களுக்' என்று பூட்டின் நாக்கு உள்ளே போனது.

கதவு திறந்தது. தோளில் பையோடு நின்றிருந்தாள் ஸ்வாதி. ஆள்காட்டி விரலில் கரி. அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"போ ஏட்டி, போ! பின்பக்கத் தோப்பு வழியா போ, ஆட்டோ நிக்கி. திரும்பிப் பாக்காத!"

அவள் படியிறங்கி ஓடி மறைந்ததும், சங்கரம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாய், இந்தச் சாவி உள்ள இருந்தும் பூட்டுமா?"

"பூட்டும்க்கா. எதுக்கு?"

சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். 'களுக்.'

மசூது திகைத்துப் போனார். அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே சாவியைப் பாதி திருப்பி அப்படியே விட்டுவிட்டால், வெளியிலிருந்து வேறு எந்தச் சாவியும் நுழையாது. மகள் போன இடத்தில் தாய் போய் உட்கார்ந்துவிட்டாள்!

"யாக்கா, அண்ணாச்சி உங்கள சும்மா விடுவாவளா?"

"அவ ரயில் ஏறட்டும் பாய். பொறவு நானே திறந்து வாரேன். நீங்க போங்க."

அவர் வாசலுக்கு வரவும், புல்லட் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தளவாய்!

"யாருவே நீரு?"

"சாவிக்காரன் அண்ணாச்சி. அக்கா வரச் சொன்னாவ... பீரோவுக்கு."

"அவள எங்க?"

"தெரியலையே அண்ணாச்சி."

தளவாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனான். சாவி உரசும் சத்தம் கேட்டது. பிறகு கதவை இடிக்கும் சத்தம். "ஏட்டி ஸ்வாதி! உள்ள என்னத்தட்டி சொருகி வச்சிருக்க? திற!" உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மசூது தெருவுக்கு நழுவி நாலடி வைக்கவில்லை, மாடியிலிருந்து குரல் இடியாய் இறங்கியது.

"ஏ பாய்! மேல வாரும். வந்து இந்தப் பூட்டைத் திறந்து தாரும்!"

ஓடினால் சந்தேகம். திறந்தால் அந்தத் தாயின் கதி? சற்று முன் மசூது உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அதே பூட்டின் முன் போய் உட்கார்ந்தார். தளவாய் நாற்காலியை இழுத்து அவர் முதுகுக்குப் பின்னாலேயே போட்டுக்கொண்டான். சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

மசூது துவாரத்துக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். அவர் ராவிய சாவி உள்ளே மினுங்கியது.

"பழைய பூட்டு அண்ணாச்சி. அவசரப்பட்டா உள்ள உடைஞ்சிரும், பொறவு கதவையே அறுக்கணும். நேரமாகும்."

பைக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே சின்ன அரமாகத் தேடி எடுத்தார்.