சித்தப்பா அனுப்பிய ஹாக்கிப் புத்தகம்

1927-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி, சனிக்கிழமை. எனக்குப் பத்து வயது. தினமும் நடந்ததை நான்கு வரி எழுதி வரவேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன்படி, ஐந்தரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா மூன்று குடம் பிடித்தாள், நான் இரண்டு. ஆறு மணிச் சங்குக்கு அப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு ரங்கூன் துறைமுகத்துப் போட்டாதாங் ஜெட்டிக்குப் போனார். ஏழு மணிக்கு எதிர்வீட்டுப் பர்மாக்காரியிடம் மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா, மொஹிங்கா, ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு வாய்ப்பாடு. ஒன்பதேகாலுக்குத் தபால்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். நோட்டில் அன்றைக்கு எழுதியது அதோடு நிற்கிறது.

பார்சல் கனடாவிலிருந்து வந்திருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே இஞ்சினியர் படிப்புக்குப் போனவர். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போனவர் வேறு யாரும் இல்லை. அப்பா பதினைந்து வயதில் மூட்டை தூக்க ரங்கூன் வந்து, பிறகு மேஸ்திரியானவர். அவர் வலது தோளில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. "இந்த மூட்டை என்னோட போகட்டும்" என்று அதைத் தடவிக்கொண்டே சொல்வார்.

சித்தப்பா மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் போடுவார். அதில் படிப்பைப் பற்றி ஒரு வரி இருந்தால் ஹாக்கியைப் பற்றிப் பத்து வரி இருக்கும். அங்கே புல்லில் ஆடமாட்டார்களாம். காலணிக்கு அடியில் கத்தியைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டிமேல் வழுக்கி ஆடுவார்களாம். "நான் பல்கலைக்கழகத்து ஹாக்கிக் குழுவோடு இருக்கிறேன். நான் இல்லாமல் ஆட்டம் நடக்காது" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். ஜெட்டியில் அந்த வரியைக் கேட்காத ஆள் கிடையாது. கூடவே வந்த போட்டோ சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. அதில் வெள்ளைக்காரர்கள் கையில் மட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருக்க, சித்தப்பா கனத்த கோட்டு போட்டு ஓரத்தில் தனியாக நின்றார். கையில் மட்டை இல்லை. யாராவது கேட்டால் அப்பா, "பெரிய ஆட்டக்காரன் ஓரமாத்தான் நிப்பான்" என்பார்.

பார்சல் அப்பா பெயருக்கு வரவில்லை. என் பெயருக்கு வந்திருந்தது. மூலையில் தமிழில், "குழந்தையே பிரித்து, குழந்தையே வாசிக்கட்டும்" என்று எழுதியிருந்தது.

அன்று மூன்று மணிக்கு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கியாக்தானிலிருந்து சித்தப்பாவுக்குப் பெண் கொடுப்பவர்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை ஊரில் இல்லாவிட்டாலும் தை முடிவதற்குள் தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. மதியம் வந்த அப்பா பார்சலை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "புஸ்தகம். அவங்க முன்னாடியே பிரிப்போம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார். அம்மாவுக்கு மட்டும் மனசில்லை.

"என்ன இருக்குன்னு ஒருதரம் பாத்துரலாமே, என்னங்க."

"அவன் எளுத்துல என்னடி பாக்கிறது? சபையில பிரிச்சாத்தான் மரியாதை."

பெண்ணின் தகப்பனார் அரிசி ஆலையில் கங்காணி. அவரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். அந்த அத்தை, வெற்றிலையும் வாழைப்பழமும் பட்டுவேட்டியும் வைத்த தட்டைப் பாய் நடுவில் வைத்தாள். அம்மா காலையிலேயே ஐஸ் வாங்கி, உமிக்குள் புதைத்து வைத்திருந்தாள். அதை உடைத்துப்போட்டு நாலு கிளாஸ் சர்பத் கொடுத்தாள்.

"தொண்டைய கனைச்சுக்க பாப்பா," என்றார் அப்பா. "எளுத்துக் கூட்டாம வாசிக்கணும்."

நான் பிரித்தேன். முப்பத்திரண்டு பக்கம், நீல அட்டை. பல்கலைக்கழக ஆடவர் பனிக்கட்டி ஹாக்கிக் குழுவின் வரலாறு என்று தலைப்பு. வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, அதைத் தமிழில் சொன்னேன்.

"ஆம்பளைங்க மட்டுந்தான் ஆடுவாங்களா?" என்றாள் அத்தை.

"பொம்பளைங்க கால்ல கத்தியக் கட்டிக்கிட்டா நீ வீட்டுக்குள்ள விடுவியாக்கா?" என்றார் அவள் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் ஆட்டக்காரர்கள் ஏழு பேர். உறைந்த குளத்தில் பனியை மிதித்து மட்டமாக்கி, மரக்கிளையை வெட்டி மட்டை செய்துகொண்டார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பிறகு பலகை அடைத்து மைதானம் கட்டினார்கள். சண்டை வந்தபோது பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். நான்கு பேர் திரும்பவில்லை. அந்த இடத்தில் கங்காணி உச்சுக்கொட்டினார். பிறகு தன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அப்ப தரை பூரா இதுதானா? ரெண்டு சேர் ஐஸுக்கு நாம வரிசைல நிக்கிறோம். அங்க கால்ல மிதிக்கிறானுவளா!"

"தம்பியும் மிதிக்கிறான்," என்றார் அப்பா. அன்று அவர் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

ஆட்டக்காரர்களின் பெயர்கள் வருஷவாரியாக இருந்தன. நான் விரல் வைத்துத் தேடினேன். சித்தப்பா பெயர் இல்லை. அப்பா, "பின்னால இருக்கும், போ" என்றார். பதினேழாம் பக்கத்தின் மேல்முனை மடங்கியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. தபாலில் வரும்போது கசங்கிவிட்டது என்று நினைத்து, மடிப்பை விரலால் நீவிவிட்டேன். அங்கேதான் சித்தப்பா பெயர் இருந்தது. "வந்துட்டாரு!" என்று கத்தினேன். அத்தை தட்டைப் பாயில் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

நான் வாசித்துச் சொன்னது இது. பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. அவர் ரங்கூனிலிருந்து பொறியியல் படிக்க வந்தார். இரண்டாம் ஆண்டில் தேறாமல் வகுப்பை விட்டார். ஊர் திரும்பவில்லை. நான்கு குளிர்காலமாக எங்கள் மைதானத்தின் பனிக்கட்டி அவருடைய கையில் இருக்கிறது. மற்றவர்கள் உறங்கும்போது பீப்பாய்களில் வெந்நீரை இழுத்துவந்து ஊற்றி, உறையவிட்டு, சுரண்டி, மறுபடி ஊற்றுகிறார். அவருடைய தளத்தில் மேடுபள்ளம் பார்த்தவர் கிடையாது. அவர் இல்லாமல் ஆட்டம் நடக்காது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரங்கூனில் ஐஸ் என்றால் ஃபாக்டரி வேண்டும், இஞ்சின் வேண்டும், அதை ஓட்ட ஒரு வெள்ளைக்காரர் வேண்டும். என் சித்தப்பா இஞ்சின் இல்லாமல் ஒரு மைதானம் முழுக்க ஐஸ் செய்கிறார். அதன்மேல் ஓடுகிறவர்கள் அவருக்கு எந்த மூலைக்கு? சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அப்பா கிளாஸைப் பாதிவழியில் பிடித்தபடி இருந்தார்.

"திரும்ப வாசி."

காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்க வாசித்தேன்.

"திரும்ப."

மூன்றாம் தடவை ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னேன். "கிளாஸ விட்டு நின்னுட்டாராம்ப்பா. தண்ணி இழுத்துட்டு வந்து ஊத்துறாராம். எல்லாம் அவர் ஒருத்தர்தானாம்!"

"அப்ப பரீச்சை?" என்று அத்தை என்னைத்தான் கேட்டாள். "பட்டம் வாங்கலியா?"

"அது இதுல போடல அத்தை. ஆனா மேடுபள்ளமே இல்லியாம்!"

அப்பாவின் கையிலிருந்து சர்பத் பாயில் வழிந்தது. அவர் பார்க்கவில்லை. போட்டோவைப் பார்த்துத்தான் பேசினார். "தண்ணி சுமக்கவாடா கப்பல் ஏறுன? அதுக்கு இங்க ஆறு இல்லியா?"

கங்காணி கோபப்படவில்லை. கிளாஸில் இருந்ததை மிச்சம் வைக்காமல் குடித்து, கீழே வைத்தார். "அஞ்சு மணிப் படகு போயிரும் மேஸ்திரி. ஒத்தப் பொண்ணு பாருங்க. வீட்டுல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புறேன்." அத்தை தட்டை எடுத்தாள். ஒரு வாழைப்பழம் சரிந்து பாயில் விழுந்தது. அதையும் குனிந்து எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டாள். வாசலில் கங்காணி என் தலையில் கைவைத்து, "நல்லா படிக்கிறே புள்ள" என்றார். வருகிறவர்களை எப்போதும் ஜெட்டிவரை கொண்டுபோய் விடும் அப்பா, பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால், செய்த தப்பு என்னவென்றாவது கேட்டிருப்பேன். வாசித்ததில் ஏதாவது ஒரு சொல் தவறியிருக்குமோ என்று விளக்கு வைக்கும்வரை அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றும் தவறவில்லை.

கியாக்தானிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. சித்தப்பா திரும்பி வரவும் இல்லை. அப்பா காலமான பிறகு அவருடைய பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது, அந்த வருஷம் மே மாதம் சித்தப்பா எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. அதுவரை நான் பார்த்திராத கடிதம். இரண்டே வரி. "புத்தகம் வந்து சேர்ந்ததா? குழந்தைதானே வாசித்தாள்?"

அதைப் படித்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. நான்கு வருஷமாகத் தன் கையால் எழுத முடியாததை ஒருவர் யார் வாயால் சொல்லவைத்தார் என்பது அன்றுதான் புரிந்தது. அந்தக் கடிதத்துக்கு அப்பா பதில் போட்டதாகத் தெரியவில்லை. பெட்டியில் புத்தகமும் இருந்தது. முப்பத்திரண்டு பக்கங்களும் புதிது போலச் சீராக இருந்தன. சித்தப்பா அடையாளம் வைத்து அனுப்பிய பதினேழாம் பக்கம்கூட.

அதற்குக் காரணம் நான்தான். புத்தகத்தில் கசங்கல் இருப்பது எனக்குப் பிடிக்காது. 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வருமுன் எழுந்து முதல் வேலையாகப் பதினேழாம் பக்கத்துப் பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தேன். மடங்கிய முனையை நிமிர்த்தி, மடிப்பின் தடம் மறையும்வரை புத்தகத்தை அம்மிக்கல்லின் அடியில் வைத்தேன்.