கெம்புகுட்டாவில் மூன்று அடுப்புக் கற்கள்

கெம்புகுட்டாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது ஒரு சிவப்புக் கோழி. அது சிறகை உதறியபோது உள்ளே வெள்ளை தெரிந்தது. இரும்புக்கல் வெட்டும் மலையின் தூசி அந்த ஊரில் வேட்டி, பஸ், கோயில் சுவர் எதையும் விட்டுவைக்கவில்லை.

அத்தானுக்கு அங்கே லாரியில் கல் ஏற்றும் வேலை. பொங்கலுக்கு வந்தவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். குடித்தனம் வைத்துக்கொடுக்க அம்மாவும், துணைக்கு நானும் போனோம். நம் தீப்பெட்டி ஆபீசிலிருந்து இன்னும் இரண்டு வீட்டார் அங்கே போக இருப்பதால் நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான்; பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். சென்ட்ரலுக்கு நடந்தே போகலாம். மூட்டை இருந்ததால் குதிரை வண்டிக்கு முக்கால் ரூபாய் கொடுத்தோம். அங்கிருந்து குண்டக்கல், பிறகு வண்டி மாறி ஹொஸ்பேட்டை, கடைசியாகப் பதினெட்டு மைல் பஸ். பஸ்ஸுக்கு ஆளுக்கு எண்பது நயா பைசா.

"கொழுந்தியா வெளியாள்ட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசிட்டா நான் மொட்ட போட்டுக்கிடுதேன்" என்று அத்தான் குண்டக்கல் வரை கேலி செய்தார்.

"எங்கன வச்சு?" என்றாள் அக்கா.

"எங்கன வேணாலும். அன்னைக்கே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊர் இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மேற்கு மலையைப் படிப்படியாக வெட்டி, கல்லை லாரியில் ரயிலடிக்கு இறக்குகிறார்கள். முற்காலத்தில் அங்கே கரிமூட்டி, கல்லை உருக்கி, கலப்பைக்கொழு அடித்திருக்கிறார்கள். அந்தக் கசடு இன்றும் வயல் வரப்புகளில் கண்ணாடிபோல் மின்னுகிறது. பிறகு கம்பெனி வந்தது. வேலையாட்கள் போட்ட கூடாரங்கள்தான் இன்றைய கடைத்தெரு. இதெல்லாம் அத்தான் சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: "திங்கக்கிழம என் பேர நிரந்தரத்துல போடுதாவ, அத்த. அதுவரைக்கும் ஒரு புகார் வந்துரக் கூடாது. வந்தா வேல போயிரும்."

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் கடைக்குப் போய்த் திரும்பினோம். வழியோரம் கைக்கு அடக்கமான கற்கள் சிந்திக் கிடந்தன. கரிசல்காட்டுக்காரர்கள் நல்ல கல்லைக் கண்டால் விடுவோமா?

"ஏட்டி, சும்மா கிடக்கு பாரு! நம்மூர்ல இதுக்கு வண்டி கட்டிப் போகணும்" என்று அம்மா அடுப்புக்கு மூன்று கற்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

"என்னம்மா இந்தக் கனம் கனக்கு!" என்றாள் அக்கா.

பின்னால் விசில் சத்தம். கம்பெனிக் காவல்காரர் கூடையைப் பிடித்துக்கொண்டார். முதலில் கன்னடம், பிறகு தெலுங்கு.

"கல்லுதான் அய்யா, கல்லு!" என்று அம்மா தமிழையே இன்னும் உரக்கச் சொன்னாள்.

அவர் நோட்டை எடுத்தார். கம்பெனிக் கல்லைத் திருடுகிறீர்களா, உங்கள் வீட்டில் இங்கே வேலை பார்ப்பவர் பெயர் என்ன என்று கேட்டார். அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. நாலு வருடமாக ஆபீசில் என் பக்கத்தில் குச்சி அடுக்குபவள் தெலுங்குக்காரி. அவளிடம் தவிர வேறு யாரிடமும் அந்தப் பாஷையை நான் பேசியதில்லை. மருமகன் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்து, அம்மா விவரம் தெரியாமல் அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"அன்னா, மா ஊள்ளோ ராயே லேது" என்றேன். அண்ணா, எங்கள் ஊரில் கல்லே கிடையாது.

அதற்குப்பின் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டினால் கொழுவில் ஒரு கல் தட்டாது, மழை பெய்தால் கால் முழங்கால் வரை புதையும், அடுப்புக்கல்கூடக் கழுகுமலைப் பக்கமிருந்து வண்டியில்தான் வரும், இது இரும்பென்று அம்மாவுக்குத் தெரியாது என்று கொட்டிவிட்டேன்.

"கல் இல்லாத ஊரா!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நோட்டைச் சட்டைப்பைக்குள் போட்டார். எங்கள் கற்களை எடுத்துக்கொண்டு, தன் குடிசைக்குப் பின்னாலிருந்து மூன்று சாதாரணக் கற்களைத் தந்தார்.

"இதில் இரும்பு இல்லை. சமைத்துச் சாப்பிடுங்கள்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளைத்துணி வேண்டாம். குடிதண்ணீர் நம்மூர்போல் உப்புக் கரிக்காது. குடம் மட்டும் கொண்டுபோங்கள். சோளம் தாராளமாகக் கிடைக்கும். தெருவில் கிடக்கும் எதையும் எடுக்காதீர்கள். அத்தானுக்குத் திங்கட்கிழமை வேலை நிரந்தரமாகிவிட்டது. வீடு பிடிக்கும்வரை அக்கா வீட்டில் தங்கலாம்.

கல் கிடைத்த அன்று சாயங்காலம் அம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் அத்தானிடம் சொன்னாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகத் துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது, கொழுந்தியா."

நான் கடைத்தெருவுக்குப் போய், முடிவெட்டுகிறவரிடம் எத்தனை மணி வரை கடை திறந்திருக்கும் என்று தெலுங்கில் கேட்டுவிட்டு வந்தேன்.