மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் போனேன்

திருமயம் பக்கம் எங்கள் கொல்லையில் மண்டிய சீமைக்கருவையை அழிக்க, மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனேன். கடையில் நான் வேறொரு கம்பெனி பெயரைச் சொன்னதுமே, விற்பனையாளர் இடது கையைப் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே சிரித்தார்.

"அதெல்லாம் ஒரு மெஷினாங்க? எங்க கம்பெனி மெஷின்ல அறுத்துப் பாருங்க. ஓட்டத் தெரியும்ல?"

தொட்டதே இல்லை. "தெரியாமலா?" என்றேன்.

வாசலில் கிடந்த கட்டையில், ஓடும் மெஷினின் நுனியை வைத்தேன். மெஷின் துள்ளி என் முகத்துக்கு நேரே எகிறியது. அறுக்கும் சங்கிலி நின்றபோது மூக்குக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை.

அவர் அதை அணைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்த கையை வெளியே எடுத்தார். இரண்டு விரல்கள் இல்லை.

"இதை அறுத்ததும் எங்க கம்பெனி மெஷின்தாங்க. நானும் தெரியும்னுதான் சொன்னேன்."

இன்றும் அந்தச் சத்தம் எங்காவது கேட்டால், என் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்கின்றன.